ஊரில் இல்லாதவர் வாங்கும் நிலம்

குவைத்தின் ஃபர்வானியாவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கும் இங்கே ஓர் அடி மண் சொந்தமாகாது. வெளிநாட்டார் அசையாச் சொத்து வாங்குவதைக் குவைத்தின் 1979ஆம் ஆண்டு 74ஆம் எண் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. சம்பளத்துக்கு வந்த இந்தியத் தொழிலாளிக்கு அதில் வழியில்லை. அக்காமா என்ற வசிப்பு அனுமதி உள்ளவரை அறை, அறைக்குள் ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. தனியார் துறைக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 75 தினார். மனைவி மக்களை அழைத்துவந்து வைத்துக்கொள்ள 2024இல் விதிக்கப்பட்ட சம்பள வரம்பு 800 தினார். இங்கே நான் பழகும் தமிழர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் சொத்து எதுவானாலும் ஊரில்தான். முதுகுளத்தூர்ப் பக்கம், லால்பேட்டை, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிகாடு என்று அது சிதறிக் கிடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போயிருப்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று 2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் கணிசமானவர்கள் வளைகுடாவில். அந்த உழைப்பு ஊரில் என்னவாக மாறியிருக்கிறது என்பதைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். எள்ளும் சோளமும் விளைந்த புஞ்சையில் மஞ்சள் கல் நட்டிருக்கிறது, முகப்பில் ஒரு வளைவு, அதில் யாரோ ஒருவர் பெயரோடு ‘நகர்’. உள்ளே வீடு ஒன்றோ இரண்டோ. மீதி இடத்தில் சீமைக் கருவேலம்.

வளைகுடாக்காரனுக்குப் பணத்தின் அருமை தெரியாது, கண்ட இடத்தில் மனை வாங்கிப் போடுகிறான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் இதை மறுக்கிறேன். அந்த மனைகளில் பெரும்பகுதியை நாங்கள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. எங்கள் பெயரில் சட்டப்படி வாங்க முடிந்த நிலம் அது ஒன்றுதான் என்பதால் வாங்கினோம். ஊருக்குத் திரும்பினால் செய்ய நினைத்த வேலைக்கும் கையிலிருக்கும் பத்திரத்துக்கும் சம்பந்தமில்லாமல் போனது இப்படித்தான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் இந்தியாவில் வீடு, மனை, கடை எதையும் வாங்கலாம், எண்ணிக்கைக்கு வரம்பில்லை. விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு மூன்றையும் வாங்கக் கூடாது. ஃபெமா என்று சொல்லப்படும் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வேலைக்காக விமானம் ஏறிய நாளிலிருந்தே அவர் இந்தச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டில் வசிப்பவர். வாரிசாக வந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம், போவதற்கு முன் வாங்கியிருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு சென்ட் வயல் வாங்க வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி வேண்டும். தகப்பனார் உயிரோடு இருக்கும்போது தன் வயலைக் குவைத்தில் இருக்கும் மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பதைக்கூட இந்த விதி அனுமதிக்காது, விவசாய நிலமல்லாத சொத்தைத்தான் அப்படிப் பெறலாம். மீறினால் அபராதம், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம்.

இந்த விதியை ஃபர்வானியாவில் யாரிடம் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை. “நான் போன லீவுல அரை ஏக்கர் பதிஞ்சிட்டு வந்தேனே, யாரும் கேக்கலியே” என்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெரும்பாலும் கேட்பதில்லைதான். ஆதாரில் ஊர் முகவரி, பத்திரத்தில் ஊர் முகவரி, சாட்சிக்கு ஊர்க்காரர். கேட்கப்படாத கேள்வி விற்கும்போதோ, பங்காளியோடு வழக்கு வரும்போதோ, பணத்தை வெளியே எடுக்கும்போதோ எழுந்து நிற்கும்.

கமுதிப் பக்கத்து இளைஞர் ஒருவர் என் அறைக்கு வந்திருந்தார். திருமணம் ஆகவில்லை. அப்பாவின் வயலை ஒட்டிய நிலம் விலைக்கு வருகிறது, வாங்கினால் கிணற்றைப் பொதுவில் வைத்துக்கொண்டு முண்டு மிளகாய் போடலாம் என்று ஆசை.

“என் பேருலதான் முடியாது. அப்பா பேருல வாங்கிட்டா சரியாப் போச்சுல்ல அண்ணே?”

“வாங்கலாம் தம்பி. ஆனா அது அப்பாவோட நிலமாயிரும். உன் நிலம்னு நாளைக்குச் சொல்ல முடியாது.”

அவருக்குப் புரிய வைக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. பினாமி சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, தன் கணக்கில் காட்டக்கூடிய பணத்தில் மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ வாங்குவதற்கு விலக்கு தருகிறது. தகப்பனார், உடன்பிறந்தார் பெயரில் வாங்கினால், பணம் கொடுத்தவர் பெயரும் பத்திரத்தில் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான் அந்த விலக்கு. விவசாய நிலப் பத்திரத்தில் குவைத்துக்காரர் பெயரைச் சேர்க்க ஃபெமா விடாது. ஒரு சட்டம் பெயரைச் சேர் என்கிறது, மற்றொன்று சேர்க்காதே என்கிறது. பணத்தை அப்பாவுக்கே கொடுத்துவிட்டதாக எண்ணி, அவர் வாங்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் நேர்மையான வழி. பிறகு அப்பா உயில் எழுதாமல் காலமானால், இந்துக் குடும்பத்தில் அந்த நிலம் அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சரிபங்கு. அக்கா தங்கைகளுக்கும் பங்கு உண்டு; தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில்கூட 1989 முதலே சட்டம் அதை உறுதிசெய்திருக்கிறது. அது நியாயமான சட்டம், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் “இது என் பணத்தில் வாங்கியது” என்று அந்தத் தம்பி நீதிமன்றம் போனால் பினாமி சட்டமே அவரைத் தடுத்து நிறுத்தும். குடும்பம் உடைவது இந்த இடத்தில்தான். ஒருவர் பாலைவன வெயிலில் நின்ற பணம் என்று நினைக்கிறார். மற்றவர் அப்பாவையும் வயலையும் பதினைந்து வருடம் பார்த்துக்கொண்டது நான்தானே என்று நினைக்கிறார். இருவர் சொல்வதும் உண்மை.

திருமணமானவருக்கு மனைவி பெயர் ஒரு வழி. அவர் ஊரில் வசிப்பவர், அவருக்கு அனுப்பும் பணம் அவருடையது, அவர் வயல் வாங்கத் தடையில்லை. இதற்கே தயங்குகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். பெண் பெயரில் சொத்து போனால் கைவிட்டுப் போகும் என்ற பயம். பத்து ஆண்டுகள் தனியாக வீட்டை நடத்தி, மாமனார் மாமியாரைப் பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அனுப்பிய பணத்தில் மிச்சம் பிடித்தவர் அந்தப் பெண். அவர் பெயரில் நிலம் இருப்பதைப் போலப் பத்திரமான ஏற்பாடு வேறில்லை. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகையும் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் உண்டு.

திருமணமாகாதவருக்கு அந்த வழியும் இல்லை. அவர் மனைக்குப் போகிறார். அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் மனை கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், வானம் பார்த்த பூமியை வைத்துக்கொண்டு கடனில் இருக்கும் சம்சாரியிடம் தரகர் வந்து நிற்கிறார். ஏக்கர் விலைக்கு வாங்கிச் சென்ட் விலைக்கு விற்பதில் உள்ள லாபத்தை எந்தப் பயிரும் தராது. நிலம் இரண்டு வருடம் தரிசாகப் போடப்படுகிறது, பிறகு கல் நடப்படுகிறது. மனைப்பிரிவுக்குப் போடும் மண்சாலை கண்மாய்க்கு வரும் வாய்க்காலின் குறுக்கே விழுகிறது. மேட்டில் மனை போட்டதால் பள்ளத்தில் இருப்பவரின் வயலுக்கு நீர் வராது, வந்தால் வடியாது. குவைத்திலிருந்து ஒருவர் ஐந்து சென்ட் வாங்கியதால் அவருடைய சித்தப்பா வயலுக்குத் தண்ணீர் நின்ற கதைகளை ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறேன். வாங்கியவருக்கு அந்த வாய்க்கால் இருந்ததே தெரியாது. அவர் பார்த்தது கைபேசியில் வந்த படம் மட்டும்.

“மாப்ள, கார்னர் பிளாட்டு. நாளைக்குள்ள டோக்கன் போடலேன்னா சிங்கப்பூர்க்காரர் ஒருத்தர் எடுத்துருவாரு.” வீடியோ அழைப்பில் வரும் இந்தக் குரல் பெரும்பாலும் அன்னியருடையது இல்லை. கூடப் படித்தவர், ஒன்றுவிட்ட மாமா மகன், பள்ளிவாசல் தெருக்காரர், கோவில் திருவிழாவில் கூட நின்றவர். ஊரில் இல்லாதவருக்கு ஊரைக் காட்டும் கண் அவருடையதுதான், அதற்குத் தரகும் அவருக்குத்தான். விற்பவருக்காகப் பேசுபவரையே நம் பக்கத்து ஆளாக எண்ணிப் பணம் அனுப்புகிறோம்.

அந்தக் கண் காட்டாமல் விடுவது நிறைய. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி ஒரு காலத்தில் விற்கப்பட்ட மனைகளுக்கு உண்மையில் அங்கீகாரமே கிடையாது. நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9இல் தடை போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன, அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஊரில் இருந்தவர்கள் ஓடிப்போய் மனுச் செய்தார்கள். இங்கே இருந்தவர்களில் பலருக்குச் சேதியே வந்து சேரவில்லை. இரண்டு மாத லீவில் போய் வீடு கட்ட வரைபட அனுமதி கேட்டபோதுதான், தங்கள் மனை வீடு கட்டத் தகுதியில்லாத மனை என்று தெரிந்துகொண்டார்கள்.

மலிவு விலைக்கு வரும் நிலத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையை அடுத்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். அதை மற்றவர்கள் வாங்கக் கூடாது. எத்தனை கைமாறியிருந்தாலும் அந்த விற்பனை செல்லாது. சட்டச் சிக்கலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நிலமில்லாத கொடுமை என்னவென்று தெரிந்துதான் நாம் இந்த நாட்டுக்கு வந்தோம். இன்னொருவருக்கு நீதியாகக் கிடைத்த நிலத்தை மலிவு என்று எடுத்துக்கொள்ள நமக்கு மனம் வரக் கூடாது. கோவில் நிலம், வக்ஃபு நிலம், நீர்நிலைப் புறம்போக்கு ஆகியவையும் பளபளப்பான வண்ணத்தாளில் மனையாக வருவதுண்டு. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும், ஏனென்றால் அது பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். நிலத்தின் பிறவியைத் தெரிந்துகொள்ள ‘அ’ பதிவேடும் தாய்ப்பத்திரமும் புலப்படமும் வேண்டும். கூட்டுப்பட்டாவில் உங்களோடு இன்னும் ஏழு பேர் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

பவர் பத்திரம் அடுத்த ஆபத்து. இங்கிருந்து தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, அது இந்தியா சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தி முறைப்படுத்த வேண்டும். பெரும்பாலோர் ‘எல்லா அதிகாரமும்’ என்று பொதுவாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். குறிப்பிட்ட சர்வே எண், குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட காலம் என்று எழுதினால் எவ்வளவோ வழக்குகள் முளைக்காது. பவரை மட்டும் வாங்கிக்கொண்டு சொத்தை வாங்கிவிட்டதாக நினைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பொது அதிகாரப் பத்திரம் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. வாங்கிய இடத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் ஏறெடுத்துப் பார்க்காமல் விட்டால், வேலி போட்டு வெளிப்படையாக அனுபவித்து வந்தவர் காலாவதிச் சட்டப்படி அதற்கே உரிமை கோரலாம் என்பதும் எங்களைப் போன்ற தூரதேசக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டியது.

இத்தனை இருந்தும் மண்மேல் உள்ள பற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தப் பற்று அனுபவத்தில் விளைந்தது. 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் படை குவைத்துக்குள் வந்தபோது இங்கிருந்த இந்தியர்கள் கையிலிருந்த தினாரை மாற்ற ஆளில்லாமல், பஸ்ஸிலும் லாரியிலும் அம்மான் வரை போய், அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்களில் ஊர் சேர்ந்தார்கள். மொத்தம் சுமார் 1.7 லட்சம் பேர். ஐ.நா. இழப்பீட்டு ஆணையத்தின் பணம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை அவர்களைத் தாங்கியது ஊரிலிருந்த வீடும் காணியும். 2020 மே இறுதியில் கொரோனாவுக்காக ஃபர்வானியாவைத் தனிமைப்படுத்தி முள்கம்பி போட்டபோது, ஜூலை வரை அறைக்குள் வேலையில்லாமல் கிடந்தவர்கள் ஊரில் ஒரு கூரை இருக்கிறது என்று சொல்லித்தான் நாளைக் கடத்தினார்கள். 2024 ஜூன் 12இல் மங்காஃப் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து 45 இந்தியர்கள் இறந்தார்கள், அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். அந்த வாரம் இங்கே அறைக்கு அறை நடந்த பேச்சு, நமக்கு ஒன்று நேர்ந்தால் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, வீட்டில் யாருக்கு விவரம் தெரியும் என்பதுதான். வேர் பிடிக்க விடாத நாட்டில் உழைப்பவர் ஊர் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்வதில் குற்றம் ஏதுமில்லை.

ஆனால் எதில் பிடிக்கிறோம் என்பதைக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். மாதம் 120 தினார் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கட்டில் வாடகை, மெஸ், போன் எல்லாம் போக 65 தினார் மிஞ்சினால், தினாருக்கு 270 ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும் பதினேழாயிரத்து ஐந்நூற்றைம்பது. அதில் வீட்டுச் செலவு போக மிச்சம் பிடிப்பது எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. பதினைந்து ஆண்டுகள் ஒரே கம்பெனியில் இருந்தால் 2010ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி கிடைக்கும் செட்டில்மெண்ட், முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், அப்புறம் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். மொத்தம் 1,500 தினாருக்குக் குறையாமல் வரும், நான்கு லட்சத்துச் சொச்சம் ரூபாய். வாழ்க்கையின் நல்ல பதினைந்து வருடங்களின் இறுதித்தொகை இது. இதை மனையில் போட்டால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் முதல் நாளே போகும். தரகு தனி. பிறகு அது சாப்பாடு போடாது, வாடகை தராது, பள்ளிக் கட்டணம் கட்டாது. விற்கும் நாளில்தான் பணம். இங்கே இருக்கும்போதே விற்றால் வாங்குபவர் மூலத்திலேயே வரி பிடித்துவிட வேண்டும். 2024 ஜூலை 23க்குப் பின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 விழுக்காடு. பழைய சொத்துக்கு விலைவாசிக் குறியீட்டைக் கழித்து 20 விழுக்காடு கட்டும் மாற்று வழி ஊரில் வசிப்பவருக்கு மட்டுமே தரப்பட்டிருக்கிறது. அதே பணம் 7 விழுக்காடு வட்டி வரும் என்.ஆர்.ஈ. வைப்பில் கிடந்தால் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிப்பாகும், அந்த வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை. எல்லா மனையும் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. ஏறியதாகச் சொல்லப்படும் விலைக்கு வாங்க ஆள் வருவதும் இல்லை, ஏனென்றால் அந்த விலை கொடுக்கக்கூடியவர்களும் எங்களைப் போலவே மனை வைத்திருப்பவர்கள்.

பெரிய வீடு பற்றியும் ஒரு வார்த்தை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது தலைமுறை வழக்கம். அங்கே கட்டும் வீட்டில் மகள் வாழ்கிறாள், அதை வீண் என்று சொல்ல மாட்டேன். நான் கவலைப்படுவது, மூன்று மாடி எழுப்பி மேல் இரண்டைப் பூட்டிவிட்டு, கீழே வயதான அம்மா மட்டும் இருக்கும் வீடுகளைப் பற்றி. கேரளத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பூட்டிக் கிடந்த வீடுகள் 10 லட்சத்துக்கும் மேல். நாம் அந்தப் பாதையில் பின்னால் போகிறோம், நமக்குத் திரும்பிக்கொள்ள இன்னும் நேரமிருக்கிறது.

ஊரில் வருமானம் தரும் முதலீடே இல்லையென்று சொல்பவர்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நினைக்க வேண்டும். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாடு அரசு முழு மானியம் தருகிறது. கிணற்றைத் தூர்வாருவது, வேலி போடுவது, பத்து ஆடு வாங்கிக் கொட்டகை போடுவது என இவையெல்லாம் ஒரு மனையின் விலைக்குள் அடங்கும், ஊரில் இருக்கும் ஒருவருக்கு வேலையும் தரும். இவற்றிலும் நட்டம் வரும், மழை பொய்க்கும். ஈமுக் கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று நம்பவைத்த நிறுவனங்கள் 2012இல் பெருந்துறை வட்டாரத்தில் முடங்கி, பணம் போட்டவர்கள் ஏமாந்தது எல்லாருக்கும் தெரியும். உழைக்கிற கை வீட்டில் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் போடும் எந்தப் பணமும் இப்படித்தான் போகும்.

நம்மைப் போலவே ஆட்களை அரபு நாடுகளுக்கு அனுப்பிப் பழகிய நாடு இந்தோனேசியா. வீட்டு வேலைக்குத் தன் பெண்களை மத்திய கிழக்கின் 21 நாடுகளுக்கு அனுப்புவதை 2015இல் அது நிறுத்தியது. நிறுத்தியதோடு விடாமல், புலம்பெயர்ந்தோர் அதிகமுள்ள கிராமங்களில் ‘தெஸ்மிகிராத்திஃப்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, வெளிநாட்டு வேலை பற்றிய தகவல், குடும்பத்துக்குச் சிறுதொழில், பிள்ளை வளர்ப்பில் உதவி, கூட்டுறவுச் சங்கம் என்று ஊரளவிலேயே ஏற்பாடு செய்தது. 2014ஆம் ஆண்டுக் கிராமச் சட்டம் அங்கே ஊருக்கே தொழில் நடத்தும் உரிமையை உறுதிப்படுத்தியிருக்கிறது. நடு ஜாவாவின் கிளாத்தன் மாவட்டத்தில் பொங்கோக் என்ற சிற்றூர். ஊற்றுக்குளம் ஒன்றைத் தவிரச் சொல்லிக்கொள்ளப் பெரிதாக இல்லாத ஊர். 2009இல் கிராமமே ஒரு நிறுவனம் தொடங்கி அந்தக் குளத்தைச் சுத்தம் செய்து, நீருக்கடியில் படம் எடுத்துக்கொள்ள வரும் சுற்றுலாவாக மாற்றியது. ஊர்க் குடும்பங்கள் அதில் பங்கு போட்டன, லாபம் ஊருக்கு வருகிறது. குளத்தை ஒட்டிய நிலத்தைத் துண்டு போட்டு விற்றிருந்தால் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை பணம் கிடைத்திருக்கும், அவ்வளவே. நம் பஞ்சாயத்துகளுக்கு அப்படி ஒரு நிறுவனம் நடத்தும் பழக்கமில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உண்டு. வயலில் இருக்கும் அண்ணனோ மனைவியோ அதில் உறுப்பினராகச் சேர, குவைத்திலிருந்து போகும் பணம் அதன் உலர்களத்துக்கோ சேமிப்புக் கிடங்குக்கோ உதவலாம்.

இதையெல்லாம் தனித்தனி ஆள் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. மத்திய அரசு செய்யக்கூடியது ஒன்று, மாநில அரசு செய்யக்கூடியவை இரண்டு.

கலிஃபோர்னியாவில் குடியுரிமை வாங்கிவிட்ட கோடீஸ்வரரையும் ஃபர்வானியாவில் துப்புரவு வேலை செய்பவரையும் ஃபெமா விதி ஒரே தட்டில் வைக்கிறது. முன்னவர் திரும்பி வர வேண்டிய கட்டாயமில்லை. பின்னவர் திரும்பியே ஆக வேண்டும், குவைத் அவருக்குக் குடியுரிமை தராது. குடியுரிமைக்கு வழியில்லாத நாடுகளில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள், தங்கள் சொந்த வட்டத்தில், சிறு விவசாயிக்குரிய ஐந்து ஏக்கர் வரம்புக்குள், தங்கள் பெயரிலேயே விவசாய நிலம் வாங்க ஒரு விலக்கு தர வேண்டும். இதனால் வயல் விலை ஏறும், குத்தகைதாரர் வெளியேற்றப்படுவார் என்று எதிர்ப்பு வரலாம். அந்தக் கவலை சரியானதுதான். அதற்காக, நிலம் தொடர்ந்து சாகுபடியில் இருக்க வேண்டும், மனையாக மாற்றக் கூடாது, ஏற்கெனவே உழுபவருக்கு முன்னுரிமை என்று நிபந்தனை போடட்டும். இன்றைய தடை வயலைக் காப்பாற்றவில்லை. எங்கள் பணத்தை மனைப்பிரிவுக்குத் திருப்பி விட்டு, காப்பாற்ற நினைத்த வயலைத்தான் அது தின்கிறது.

தமிழ்நாட்டில் வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியம் இருக்கிறது. பட்டா, புலப்படம், ‘அ’ பதிவேடு, வில்லங்கச் சான்று எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன, படித்துப் பொருள் சொல்ல ஆளில்லை. வாரியமும் பதிவுத் துறையும் சேர்ந்து, ஒரு சர்வே எண்ணைக் கொடுத்தால் நிலையான கட்டணத்தில் பதினைந்து நாளில் எழுத்துமூலம் கருத்து தரும் வழக்கறிஞர் குழுவை வைக்க வேண்டும். பஞ்சமியா, நீர்நிலையா, அறநிலையமா, கூட்டுப்பட்டாவா, 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்டுக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதா என்ற ஐந்து கேள்விகளுக்குப் பதில் வந்தாலே பாதி ஏமாற்று நின்றுவிடும். வெளிநாட்டில் வீட்டுமனைக் கண்காட்சி நடத்துபவர்கள் அந்தக் கருத்தை இணைக்காமல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் விதி வேண்டும்.

மூன்றாவது, மனைக்கு மாற்று. கேரள அரசு 2019இல் வெளிநாடு வாழ்வோருக்கு ஒரு ஈவுத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. 3 லட்சம் முதல் 51 லட்சம் வரை போட்டால், ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில் பின்னாளில் மாதந்தோறும் ஆயுள் முழுக்க வருமானம். திரும்பி வருபவருக்கு வேண்டியது இதுதான், விற்றால் மட்டும் காசாகும் சொத்தைவிட மாதம் ஒரு தொகை. தமிழ்நாடு இப்படியொன்றைத் தொடங்கினால் கேரளத்தின் 3 லட்ச வரம்பை அப்படியே எடுக்கக் கூடாது, 120 தினார் வாங்குபவருக்கு அது எட்டாது. 25,000 ரூபாயில் சேர முடிய வேண்டும், மாதத் தவணையாகவும் கட்ட முடிய வேண்டும், கணக்கில் மனைவி பெயர் இணைந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 12இல் அயலகத் தமிழர் தினம் நடக்கிறது. அடுத்த விழா மேடையில் முதலமைச்சர் அறிவிக்க வேண்டியது இந்தத் திட்டமும் அந்த வழக்கறிஞர் குழுவும்.